பானைக்கு அடியில் வைத்த கல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பள நாளில் கையெழுத்துப் போடத்தான். பிழைகளும் நிறைய இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு தஞ்சோங் காராங்கிலிருந்து ஒரு தம்பி வந்தார், தன் அண்ணனுக்கு என் தங்கையைப் பெண் கேட்டு. "நடந்தத ரெண்டு வரி எழுதிக் குடுங்கண்ணே, எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்றுதான் அவர் சொன்னார். எழுத உட்கார்ந்தால் இரண்டு வரியில் அடங்கவில்லை. நான்கு வருஷமாக வயிற்றில் கிடந்து எரிவது எப்படி அடங்கும்?

நாங்கள் இருப்பது கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்தில். அப்பா இல்லை. அம்மா, நான், தங்கை, மூன்று மாடுகள். பெரும் பொங்கலை எல்லா வீட்டிலும் வாசலில் வைப்பார்கள். மாடு வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு மறுநாள்தான் பெரிய நாள். லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைக்கு எதிரே பானை வைத்து, பொங்கியதை முதலில் மாட்டுக்கு ஊட்டிவிட்டுத்தான் மனிதர்கள் இலையில் உட்காருவோம். விருந்தாளிகளைக் கூப்பிடுவதும் அன்றைக்குத்தான்.

1985-ஆம் வருஷத்து மாட்டுப் பொங்கலுக்கு, டவுனில் லோரி ஓட்டும் ஒரு பையனின் அம்மாவும் அவருடைய உறவுக்காரர்கள் நான்கு பேரும் தங்கையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. தங்கைக்கு அப்போது இருபத்தேழு வயது. லயத்தில் அவள் வயதுக்காரிகள் எல்லோரும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "இது அமைஞ்சிடணும், சாமி" என்று அம்மா அடுப்புக்கு முன்னால் சொல்வது எனக்குக் கேட்டது.

தஞ்சோங் காராங் வயல்களில் அப்போதுதான் அறுவடை முடிந்திருந்தது. மலாய்க்காரர் ஒருவரின் வீட்டுக்குப் போய்ப் புது அரிசி வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். புது அரிசி லேசில் குழைந்துவிடும். பழைய அரிசிக்கு ஊற்றுகிற தண்ணீரை ஊற்றினால் களிதான். என் தங்கை அரிசிக்கு மேல் விரலை நிறுத்திப் பார்த்தே தண்ணீரின் அளவைச் சொல்லிவிடுவாள். உளுந்தை அவள்தான் ஆட்டினாள். பரங்கிக்காய், மொச்சை, வாழைக்காய், சேனை எல்லாம் போட்ட பெரிய குழம்பை அவள்தான் கூட்டி வைத்தாள். அம்மாவுக்கு அந்த மாதம் முழங்கால் வீங்கியிருந்தது. வாழைக்காயை நறுக்கிக் கொடுத்ததோடு சரி. அன்றைக்கு இலையில் விழுந்தது அத்தனையும் தங்கையின் கை. இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அந்தக் கையைத்தான் பிறகு குறை சொன்னார்கள்.

வந்தவர்கள் மூன்று மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். பையனின் அம்மா வாய் ஓயாதவர். "சமையல் வாசம் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வருது லா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். உட்கார்ந்த கையோடு, "பாசிர் பெனம்பாங் கடல் பக்கத்துல இருந்துக்கிட்டு எறா இல்லாம ஒரு விருந்தா?" என்று சிரித்தார்.

"இன்னிக்கு மாட்டுக்குப் படைக்கிற நாளுக்கா. இன்னொரு நாளைக்கு வாங்க, எறா என்ன, நண்டே ஆக்கிப் போடுறோம்" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அதுவரைக்கும் நல்லபடியாகத்தான் போனது.

இப்போது கல்லின் கதையைச் சொல்ல வேண்டும்.

பால் கிழக்கே பொங்கி வழிந்தால் நல்லது, வடக்கே வழிந்தாலும் நல்லது. தெற்கே வழிந்தால் எமன் திசை, ஆகாது என்பார்கள். அதனால் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் ஒன்று செய்வார்கள், வெளியே மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அடுப்புக்கு மூன்று செங்கல் வைக்கும்போது மேற்குப் பக்கச் செங்கல்லின் அடியில் ஒரு சின்னச் சல்லிக் கல்லைச் செருகிவிடுவார்கள். பானை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கிழக்கே சாய்ந்து நிற்கும். பால் வேறு எங்கே போகும்? நானும் அன்று அப்படித்தான் வைத்தேன். தோட்டத்துச் செம்மண் சாலையில் பொறுக்கிய கல், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

அம்மாவும் தங்கையும் பால் எடுக்க உள்ளே போயிருந்தார்கள். விருந்தாளிகள் முன்பக்கம் இருந்தார்கள். அப்போது என் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. அப்பா போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பார். தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற மண்டோர். விடியற்காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டில் அதுவரை பதினெட்டு வருஷமாக அவர் குரலுக்குத்தான் நான் ஓடியிருந்தேன். அவர் குனிந்து அடுப்பைப் பார்த்தார்.

"எவன்டா இப்பிடி வச்சான்?"

"நான்தான் சித்தப்பா."

"மாட்டுப் பொங்கல்னா பால் கொட்டாயப் பாத்துப் பொங்கணும்டா. முப்பது வருஷமா வக்கிறேன், எனக்கே சொல்லித் தர்றியா?"

அவர் வீட்டில் கொட்டகை பானைக்குக் கிழக்கே இருக்கிறது. முப்பது வருஷமாக அவர் பால் கொட்டகைப் பக்கம் வழிந்தது, கிழக்கேயும் வழிந்தது. எங்கள் வீட்டில் கொட்டகை இருப்பது தெற்கே. வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது, சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. மனுஷர் யோசிக்கவில்லை. மேற்குச் செங்கல்லின் அடியில் இருந்த கல்லை உருவி, வடக்குச் செங்கல்லின் அடியில் செருகிவிட்டார்.

"இல்ல சித்தப்பா, இங்க கொட்டாயி..." என்று ஆரம்பித்தேன்.

"வெறகு பத்தாது. கொண்டா, போ."

நான் போனேன். முப்பத்தேழு வயது ஆண்பிள்ளை, விறகு எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது எல்லோரும் பானையைச் சுற்றி நின்றார்கள். தங்கை பாலை ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். தலை குளித்து, பச்சைச் சேலை கட்டியிருந்தாள். நெருப்பு வேகமாகப் பிடித்தது. எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. ஒரு செங்கல்லைத் தட்டிவிட்டிருந்தால் போதும். ஆனால் விருந்தாளிகள் முன்னால் அதைச் செய்தால், நாங்கள் கல் வைக்கிற குடும்பம் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். எல்லாக் குடும்பமும் கல் வைக்கிற குடும்பம்தான், வந்தவர்களும் சேர்த்து. அது தெரிந்தும் விறகைக் கீழே போட்டுவிட்டு ஓரமாக நின்றேன்.

பால் நுரைத்து ஏறியது. "பொங்கலோ பொங்கல்" என்று இரண்டு குரல்கள் எழும்பின. மூன்றாவது குரல் வரவில்லை. பால் கொட்டகைப் பக்கமாக மொத்தமாக வழிந்து, நெருப்பில் விழுந்து, கருகிய வாடை அடித்தது.

"அடி ஆத்தே," என்றார் பையனின் அம்மா. "தெக்காலயில்ல போவுது!"

நான் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கொட்டகையைப் பார்த்தார். கிழக்கே கோயில் இருக்கிற பக்கம் பார்த்தார். மறுபடி கொட்டகையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த மனுஷர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "நான்தான் தவறிட்டேன் சம்பந்தி" என்று சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் சொன்னது இதுதான்:

"பால் ஊத்துன கை அப்பிடி. நான் அப்பவே சொன்னேன் அண்ணி, நீங்களே ஊத்துங்கன்னு."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தங்கை மட்டும் அடுப்பை விட்டு நகரவில்லை. அகப்பையை எடுத்து, அரிசியைப் போட்டு, கிண்ட ஆரம்பித்தாள்.

வந்தவர்கள் உடனே எழுந்து போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் இருக்காது. உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வடை மூன்றாவது முறை கேட்டு வாங்கினார்கள். "பொங்கல் குழையாம என்னா பதம்!" என்று பாராட்டினார்கள். பையனுக்கென்று சர்க்கரைப் பொங்கலை எங்கள் தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்று பஸ் ஏறினார்கள். அடுத்த வாரம் வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். தூக்குச்சட்டி வரவில்லை.

அது ராசியில்லாத கை என்றால், அந்தக் கை ஆக்கிய சோறு மட்டும் எப்படித் தொண்டையில் இறங்கியது? இதை நான் நான்கு வருஷமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை தங்கை சாம்பல் அள்ளினாள். செங்கல்லைத் தூக்கியவள் கல்லைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, நீ மேக்கால தானே வப்ப?"

"ஆமா."

"யாரு மாத்துனது?"

"சித்தப்பா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு வெறகு எடுக்கப் போயிட்டியா" என்றாள். கல்லைக் கால்வாயில் எறிந்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். எனக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஆனால் ஆறு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பேச்சு எங்கள் தோட்டத்தோடு நிற்கவில்லை. தண்ணிக் குழாயில் "தெக்கால பொங்குன வீடு" என்றார்கள். அவள் கறந்த பாலை வாங்குவதற்கு ஒருத்தி யோசித்தாள். சுங்கை செம்பிலாங் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது, விசாரித்தார்கள், போய்விட்டார்கள். இன்னொன்று வாசல் வரைக்கும்கூட வரவில்லை. சித்தப்பாவோ ஒவ்வொரு வருஷமும் விருந்துக்கு முதல் ஆளாக வந்து முதல் இலையில் உட்காருவார். "இந்தத் தடவையாவது ஒழுங்கா பொங்குமா?" என்று கேட்பார். தங்கை அவருக்கு வடை வைப்பாள். நான் தண்ணீர் ஊற்றுவேன்.

நேற்றும் அதேதான். தஞ்சோங் காராங் தம்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். சித்தப்பா இலையில் கையை வைத்துக்கொண்டே, "மறைக்கக் கூடாது தம்பி, நம்மளே சொல்லிடணும். நாலு வருஷத்துக்கு முந்தி இவ கையால..." என்று தொடங்கினார். தங்கை கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள்.

"எங்கையால இல்ல. அண்ணன் பாத்துச்சு. அதையே கேளுங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்துப் பேர் இருக்கும். வாயைத் திறந்தேன். தலையைத்தான் ஆட்டினேன், ஆமாம் என்று.

"மாட்டுப் பொங்கலுக்கு மாடு தலையாட்டுது பாருங்க!" என்றார் சித்தப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். பதினெட்டு வருஷப் பழக்கம், கடைசி நான்கையும் சேர்த்தால் இருபத்திரண்டு, மண்டோர் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும். நானும் சிரித்துவிட்டேன். தங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்கு வராது.

தஞ்சோங் காராங் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, அந்த இரண்டு வரியைக் கேட்டார்.

இன்று வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் தங்கை எட்டிப் பார்த்தாள். "என்னையப் பத்தி ஒசத்தியா எழுதி விக்காத. நடந்தத மட்டும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன். திசையில் நல்லது கெட்டது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பாதி நம்புகிறேன். அப்படி ஒரு பழி உண்டு என்றால், அது கல்லை மாற்றியவரையும், பார்த்துக்கொண்டே விறகு எடுக்கப் போனவனையும் சேர வேண்டும். பாலை ஊற்றியவளைச் சேராது.

தம்பி, இதை உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். என் சித்தப்பா வந்து கேட்டால் அவருக்கும் காட்டுங்கள், இது அவருடைய அண்ணன் மகன் எழுதியதுதான் என்று சொல்லுங்கள். பெண் எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். எடுக்கவில்லை என்றால் வேறு காரணம் சொல்லுங்கள். இதைச் சொல்லாதீர்கள். நாளைக் காலைப் பெரட்டுக்குப் போகமாட்டேன். முதல் பஸ்ஸில் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

1989 ஜனவரி 16, திங்கட்கிழமை.