சண்டையில்லாத கட்டடம்

வீட்டில் மட்டும்தான் அவளுக்குப் பெயர் இருந்தது. வேலையிடத்தில், அவளைவிட வயதில் மூத்த தச்சர்கூட அவளைக் கேள்வியக்கா என்றுதான் கூப்பிட்டார். அரசு ஆஸ்பத்திரிகள் கட்டுகிற இடங்களில் மேற்பார்வைப் பொறியாளர் அவள். கான்கிரீட் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும், இவள் கம்பிக் கட்டின்மேல் குந்தி உட்கார்ந்து, "இந்தக் கம்பி எங்க போய் முடியுது?" என்று கேட்பாள். பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

பழைய முறையில் அதற்கு இடம் இருந்தது. வரைகிறவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர், பார்த்துச் சரி சொல்கிறவர் அரசாங்கத்து ஆள். மூவருக்கும் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள உறவு. கட்டுகிறவர் "வரைஞ்சவரப் போய்க் கேளுங்க" என்பார். வரைந்தவர் "கட்டுறவருக்குக் கண்ணு எங்க போச்சு?" என்பார். கேள்வியக்கா இருவரையும் விடமாட்டாள். வேலை நத்தையாக ஊர்ந்தது. "ஆஸ்பத்திரி முடியறதுக்குள்ள நோயாளியோட பேரனுக்கே நரைச்சிடும்" என்று ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நியாயமும் இருந்தது. மேற்கூரை இல்லாத வார்டுகளைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ பேர் தூரத்து ஊருக்கு வண்டி பிடித்துப் போனார்கள்.

அதனால்தான் புது முறை வந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. வரைவது, கட்டுவது, சரிபார்ப்பது எல்லாம் ஒரே கம்பெனி. ஒரே ஒப்பந்தத்தில் நாலு ஊருக்கு நாலு ஆஸ்பத்திரி, நாலுக்கும் ஒரே வரைபடம். முடிந்த பகுதியை உடனே திறந்துவிடுவது, மேலே வேலை அது பாட்டுக்கு நடக்கட்டும் என்பது. கேள்வியக்காவையும் கம்பெனியே சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. சரிபார்ப்பவர் நாற்காலி அவளுக்கு.

சேர்ந்த வாரத்திலேயே பழக்க தோஷத்தில் ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு திட்ட மேலாளரிடம் போனாள். நல்ல மனிதர், எதற்கும் கோபப்பட மாட்டார். எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பார். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

"இதை யாருக்கு அனுப்பட்டும் சார்?"

"யாருக்கா? நமக்கு நாமே கடுதாசி போட்டுக்கவா?" என்று சிரித்தார் பாத்துக்கலாம். "எல்லாரும் ஒரு குடும்பம்மா. பாத்துக்கலாம் விடுங்க."

அவளும் விட்டாள். விடுவது சுகமாகத்தான் இருந்தது. சத்தம் போட ஆளில்லை, லாரி காத்திருக்கவில்லை, கட்டடம் மளமளவென்று எழுந்தது. ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வரும்போது அந்த அமைதி அவள் பிடரியில் கை வைத்தது போலிருக்கும். இத்தனை பெரிய கட்டடத்தில் ஒருவர்கூட ஒருவரைத் திட்டவில்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாள்.

கீழ்த்தளத்துப் பச்சிளங்குழந்தை வார்டை முதலில் திறந்தார்கள். அவளுடைய தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை அங்கேதான், கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கையளவு முகத்தோடு கிடந்தது. வேலைக்கு நடுவே கேள்வியக்கா கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அன்று மதியம் போனபோது வார்டு வாசலில் ஏணி போட்டு, தச்சர் கதவின் தலையை இழைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, மறுபடியுமா?"

"இந்தக் கதவுக்கு என்மேல காதல் அக்கா. வாரா வாரம் கூப்பிட்டுடுது" என்றார் தச்சர். "ஈரம் குடிச்சு மரம் ஊதுது, வேற என்ன?"

"மழை எங்கண்ணே பெஞ்சுது?"

தச்சர் வெளியே பார்த்தார். முற்றத்து மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "அதானே" என்றார்.

கேள்வியக்கா கதவின் விளிம்பில் விரலை ஓட்டினாள். பக்கவாட்டில் புது வார்னிஷ் அப்படியே பளபளத்தது. அடியிலும் உரசல் இல்லை. தலையில் மட்டும்தான் தேய்ப்பு. மரம் ஊதினால் எல்லாப் பக்கமும் ஊதும். இங்கே கதவு வளரவில்லை. அதற்கு மேலே இருப்பதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

மேலே இருந்தது ஸ்கேன் அறை.

அந்த அறை முதல் வரைபடத்தில் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. வேலை பாதியில் இருந்தபோது டாக்டர்கள் கேட்டார்கள் என்று மாடிக்கு மாற்றினார்கள். சுற்றிலும் ஈயத்தகடு பதித்த கனத்த சுவர் எழுப்பியாகிவிட்டது. இன்னும் இயந்திரம் வரவில்லை. நாளைக் காலை கிரேனில் வருகிறது.

தாழ்வாரத்திலேயே நின்று, வரைபட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "ஸ்கேன் ரூம மாடிக்கு மாத்தினப்போ, அதைத் தாங்கற மாதிரி தளத்தோட கனத்தக் கூட்டினீங்களா?"

மறுமுனையில் ஓர் இளம் குரல் யாரையோ கேட்டுவிட்டு வந்தது. "இல்லீங்க மேடம். சைட்ல நீங்க பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சோம். நம்ம கம்பெனிதானே."

தளம் போட்ட நாளில் அவளும் அங்கே நின்றாள். புது வரைபடம் வராததைக் கவனித்தாள். வரைகிறவர்கள் கணக்குப் போட்டுப் போதும் என்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நம்ம கம்பெனிதானே. பழைய முறையாக இருந்தால் வரைகிறவரையும் நம்பியிருக்க மாட்டாள், கட்டுகிறவரையும் நம்பியிருக்க மாட்டாள். நம்பிக்கை வந்ததும் கேள்வி போயிற்று.

பாத்துக்கலாம் அறையில் விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"கதவு ஒட்டுதுன்னு கிரேன நிறுத்தச் சொல்றீங்களா? ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும் சார். கணக்குப் போட்டுப் பாக்கற வரைக்கும் மெஷின் மேல ஏறக் கூடாது."

"அடுத்த மூணு ஊர்லயும் இதே டிசைன்தான். அங்கெல்லாம் யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

"அங்கயும் கேக்க ஆள் இருக்காது சார். சரிபாக்கறவ நான். நான் வேண்டாங்கறேன்."

அப்போதும் அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். "நீங்க யாரு? கம்பெனி ஆளு. கம்பெனி சரிங்குது. அப்புறம் நீங்க எப்படி வேண்டாம்பீங்க? வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. பாத்துக்கலாம்."

கேள்வியக்கா வீட்டுக்குப் போகவில்லை, தலைமை நர்ஸிடம் போனாள். ஆஸ்பத்திரியே கண்டு நடுங்குகிற மனுஷி அவர். பெரிய டாக்டரையே செருப்பைக் கழற்றிவிட்டு வார்டுக்குள் வரச் சொல்பவர்.

"உறுதியாத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா. கணக்குப் போடணும். கதவு சொல்றதத்தான் சொல்றேன்."

"உன் தங்கச்சி குழந்தை இங்க இருக்கு. அந்தப் பயத்துல சொல்றியா?"

"பயந்துதான் சொல்றேன்."

தலைமை நர்ஸ் எழுந்து வார்டு வாசலுக்கு வந்தார். கதவைத் தள்ளினார். பாதியில் நின்றது. கூரையை அண்ணாந்து பார்த்தார், பிறகு பெட்டிகளை. "உன் தங்கச்சி குழந்தைய மட்டும் தூக்கிட்டுப் போயிருந்தா உன்னை நம்பியிருக்க மாட்டேன்" என்றார். "பெரிய டாக்டர் கையெழுத்து அப்புறம் வரட்டும். குழந்தைங்க முதல்ல பழைய கட்டடத்துக்குப் போகட்டும்."

கண்ணாடிப் பெட்டிகள் வெளியே வரக் கதவு வழிவிடவில்லை. தச்சர் கீலைத் தட்டிக் கதவையே கழற்றிச் சுவரில் சாத்தினார். பெட்டிகள் ஒவ்வொன்றாக உருண்டு போயின. தன் குழந்தையின் பெட்டியோடு கூடவே நடந்த தங்கை, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, நட" என்றாள் அக்கா. அவள் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது.

மறுநாள் காலை இயந்திரம் மேலே ஏறியது. காலியான வார்டுக்கு வெளியே, தாழ்வாரத்தில் கேள்வியக்கா நின்றாள். தலைக்கு மேலே உருளைகள் நகரும் சத்தம். கரகரவென்று வந்து, நின்றது. பிறகு எலும்பு நெட்டி முறிப்பது போல ஒரு சத்தம், ஒன்றே ஒன்று. கூரையின் குறுக்கே முடியளவு கோடு ஓடியது. நேற்றுவரை பெட்டிகள் இருந்த இடத்தில் சுண்ணாம்புத் தூள் மெல்ல உதிர்ந்தது.

பாத்துக்கலாம் கீழே வந்து பார்த்தார். "விழலையே?" என்றார். சாயங்காலத்துக்குள் கோட்டின்மேல் பூசி வெள்ளையடித்தார்கள். கதவு இருந்த இடத்தில் நீலத் திரை ஒன்று தொங்கியது. சரிபார்ப்பவர் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்தார். அதிகம் பேசாதவர் என்றார்கள். தலைமை நர்ஸ் மட்டும் குழந்தைகளைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். தங்கையின் குழந்தை பழைய கட்டடத்திலேயே எடை கூடி, ஒருநாள் வீட்டுக்கு வந்தது.

அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் தச்சரிடமிருந்து போன் வந்தது. கம்பெனி அவரை அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தது.

"அக்கா, இங்க ஒரு கதவைக் கழட்டிட்டுத் திரை மாட்டச் சொல்றாங்க."

அவள் குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். "எந்தக் கதவு?"

"அதே கதவுதான் அக்கா. தலையில மட்டும் தேஞ்சிருக்கு."

"மெஷின்?"

"போன வாரமே மேல ஏத்திட்டாங்களாம்."

"கீழ வார்டு காலியா?"

தச்சர் போனைக் காதிலிருந்து எடுத்து நீட்டியிருக்க வேண்டும். முதலில் ஒரு குழந்தை அழுதது. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு வரிசையாக.

"அண்ணே" என்றாள் கேள்வியக்கா, செருப்பைத் தேடிக்கொண்டே. "அங்க தலைமை நர்ஸ் யாரு? போனைக் கொண்டுபோய் அவங்க கையில குடுங்க. ஓடுங்க."