கடைசியாக வருகிறவள்

என் மகள் மிக மெதுவாக நடப்பாள். பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலு தெரு தள்ளித்தான். மற்ற பிள்ளைகள் ஓடிப் போய்விடுவார்கள். இவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடியை வைக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல வருவாள். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், எல்.கே.ஜி. டீச்சர் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லும்வரை.

“பிரேயருக்குப் போறப்ப உங்க பாப்பாதான் கடைசி. மத்த புள்ளைங்க ஓடறப்ப இவ அப்படியே நின்னுடறா. ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்.”

டீச்சர் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. காரணம், என் பெரியம்மா மகன். அவனும் சின்ன வயதில் இப்படித்தான் நடந்தான். சோம்பேறி என்று திட்டினார்கள். பிறகு தரையிலிருந்து எழுவதற்குத் தொடையில் கையை ஊன்ற ஆரம்பித்தான். தசை நோய் என்று தெரிந்தபோது அவனால் மாடி ஏற முடியாமல் போயிருந்தது. அப்புறம் சக்கர நாற்காலி, அப்புறம் கட்டில். நான் கல்லூரியில் படித்தபோது இறந்துபோனான்.

டீச்சர் சொன்ன பிறகு மகள் எழும்போதெல்லாம் அவள் கைகளையே பார்த்தேன். சில நேரம் சும்மா எழுந்தாள். சில நேரம் முட்டியில் கை வைத்து எழுந்தாள். எந்தக் குழந்தையும் அப்படி எழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், நம்பமாட்டேன். பொம்மையை வேண்டுமென்றே தரையில் போட்டு எடுத்துவரச் சொல்வேன். குளிப்பாட்டும்போது கெண்டைக்காலை அமுக்கிப் பார்ப்பேன். “கூசுது உம்மா” என்று சிரிப்பாள்.

குவைத்தில் இருக்கும் என் கணவரிடம் வீடியோ காலில் பாதிதான் சொன்னேன்.

“புள்ள மெதுவா நடந்தா என்ன இப்ப? நீ ஏன் முகத்த இப்படி வச்சிருக்க?”

“ஒண்ணுமில்ல மச்சான். சிதம்பரத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்.”

பெரியம்மா மகனைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. ஆனால் டாக்டர் என்றதும் “நாளைக்கே போயிடு, பணம் அனுப்பறேன்” என்று அவர் அவசரப்பட்டதிலேயே, அவருக்கும் அதே நினைப்புதான் என்று தெரிந்துவிட்டது.

சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைக் கடக்கும்போது, மகள் நட்டநடுவில் நின்றுவிட்டாள். புதிதாகத் தார் போட்டு ஒட்டியிருந்த இடம் கறுப்பாக இருந்தது. அதன் ஓரத்தில் நின்று செருப்பு முனையால் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி திருப்பத்தில் வந்தது. அவளை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடினேன். எதிர்ப்பக்கம் போய் நின்ற பிறகும் அவளைக் கீழே இறக்கிவிடவில்லை. காலில் பலமில்லாமல்தான் நின்றிருக்கிறாள் என்று முடிவே செய்துவிட்டேன்.

குழந்தைகள் டாக்டர், வயதான பெண்மணி. பெரியம்மா மகனைப் பற்றி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளைத் தரையில் உட்காரச் சொன்னார், எழச் சொன்னார். முட்டியில் தட்டிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

“வெளில வராண்டாவுல நடக்கட்டும், பாப்போம்.”

நடந்தாள். வெள்ளைத் தரை முடிந்து கறுப்புக் கல் பதித்த இடம் வந்ததும் நின்றாள். கால்விரலை நீட்டித் தடவிய பிறகுதான் அடியை வைத்தாள். டாக்டர் மறுபடி நடக்கவைத்தார். அதே இடத்தில் மறுபடியும் நின்றாள்.

“ஏன் கண்ணு நின்னுட்ட?”

“பள்ளம்,” என்றாள்.

அங்கே பள்ளம் எதுவும் இல்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “தசை நல்லாத்தான் இருக்கும்மா. நீங்க பயப்படுற வியாதி பொண்ணுங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். உங்க மனசுக்காக ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். ஆனா முதல்ல கண்ணக் காட்டுங்க.”

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் அவளுக்கு வயல் கொக்குகளைக் காட்டினேன். “எங்க உம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காலைப் பற்றிய பயம் போய், இப்போது பார்வையே போய்விடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. கடலூர் கண் டாக்டரைப் பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

“பவர் ரொம்ப ஜாஸ்தி. தூரத்துல இருக்கறது எதுவும் தெரிஞ்சிருக்காது. தரையில கறுப்பா எதப் பாத்தாலும் பள்ளம்னு நெனச்சிருப்பா. கண்ணாடி போட்டா நல்லா நடப்பா. வருஷா வருஷம் மட்டும் காட்டிடுங்க,” என்றார் அவர். ரத்தப் பரிசோதனையிலும் குறை எதுவும் இல்லை.

நான் பயந்து செத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவளும் பயந்துகொண்டேதான் நடந்திருக்கிறாள். அதைச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் என்று நினைத்திருப்பாள்.

கண்ணாடிக்கடை மாடியில் இருந்தது. போட்டுவிட்டதும் ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உம்மா, காக்காக்குக் காலு இருக்கு.”

கடைக்காரர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை வெளியே கூட்டிவந்தேன். படிக்கட்டில் எட்டிப் பார்த்தவள் அலறி அழுது என் காலைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு உயரத்தை அதற்குமுன் அவள் பார்த்ததே இல்லை. நான் மேல்படியில் உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக, இரண்டு பேரும் கீழே இறங்கினோம்.