முதலில் ஏறுவது யார்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு வழக்கம். கயிறு மாற்றினாலும் சரி, கதவைச் சரி பண்ணினாலும் சரி, வேலை முடிந்ததும் அவர்தான் முதலில் ஏறுவார். தனியாக மேலே போய்க் கீழே வந்து, "இனி ஏறலாம்" என்று சொன்ன பிறகுதான் அடுத்தவர் கால் வைக்கலாம். அவசரப்பட்டு நுழைந்த ஒரு வீட்டுக்காரரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்ததும் உண்டு.

அப்பேர்ப்பட்ட ஆளை ஒரு ஊசி பாடாய்ப் படுத்திவிட்டது.

குழந்தைகளுக்குப் புதுசாக ஒரு காய்ச்சல் தடுப்பூசி வந்திருக்கிறது, சனிக்கிழமைக்குள் வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று சுகாதார நிலையத்திலிருந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்கு இருப்பதோ ஒரே மகள், இன்னும் பள்ளிக்கூடம் போகாத வாண்டு. பெண்டாட்டியின் தம்பி போனில் வீடியோவாக அனுப்பித் தள்ளினான். ஒன்றில் ஒரு டாக்டர் போடச் சொல்கிறார், அடுத்ததில் இன்னொருவர் போடாதே என்கிறார். இதில் எவன்டா நிஜ டாக்டர் என்று கேட்டால், "ரெண்டு பேரும் கோட்டு போட்டிருக்காங்களே மாமா" என்கிறான்.

கீழ்வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம் என்றார். அடுத்த தெருவில் அதே காய்ச்சலில் விழுந்த பையன் இன்னும் நிமிர்ந்து உட்காரவில்லை. அவனைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, போடாவிட்டால் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். பெண்டாட்டியிடம் கேட்டால், "நீங்க எது சொன்னாலும் சரி." அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டு ஏதாவது ஆனாலும் அவர் தலை, போடாமல் ஆனாலும் அவர் தலை.

சனிக்கிழமை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். முறை வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டினார், தன்னுடையதை.

"முதல்ல எனக்குப் போடுங்க சிஸ்டர். ரெண்டு நாள் பாக்குறேன். ஒண்ணும் ஆகலன்னா புள்ளைக்குப் போடலாம்."

வரிசை சிரித்தது. இது சின்னப் பிள்ளைகளுக்கு அளந்து செய்தது, பெரியவர்களுக்குப் போடக் கூடாது, போட்டாலும் பிள்ளை உடம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது என்றாள் நர்ஸ். அவர் லிஃப்ட் கதையை ஆரம்பித்தார். எத்தனையோ பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் இங்கே வந்திருக்கிறது என்றாள். அதை நான் கண்ணால் பார்த்தேனா என்றார். பெண்டாட்டி பின்னாலிருந்து சட்டையை இழுத்து, என் மானத்தை வாங்காதீங்க என்று பல்லைக் கடித்தாள்.

நர்ஸ் கையிலிருந்த பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு மூலையைக் காட்டினாள். ஸ்டூலில் ஒரு குட்டிப் பெண் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அவ என் பொண்ணுண்ணே. பெட்டியப் பிரிச்ச அன்னிக்கே மொத ஊசி அவளுக்குத்தான். கை வீங்குச்சு, ஒரு ராத்திரி காய்ச்சல் அடிச்சுது. அப்புறம் சரியாப் போச்சு."

அவர் அந்தக் குழந்தையை ஏற இறங்கப் பார்த்தார். அது நாக்கைத் துருத்திக் காட்டியது. வீக்கத்தையும் காய்ச்சலையும் மறைக்காமல் சொன்னது அவருக்குப் பிடித்துப்போயிற்று. லிஃப்ட் கிளம்பும்போது கொஞ்சம் சத்தம் வரும், பயப்படாதீங்க என்று அவரும் இப்படித்தான் சொல்லிவிட்டு வருவார்.

"இத வந்ததும் சொல்லக் கூடாதா? காலைலேர்ந்து உயிர எடுத்துட்டு."

"நீங்க எங்க கேட்டீங்க? எனக்குப் போடு, எனக்குப் போடுன்னுதானே நின்னீங்க."

சுருட்டிய கையை இறக்கிவிட்டு, உட்கார்ந்து மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊசி இறங்கியதும் மகள் போட்ட கூச்சலில் ஸ்டூல்காரி பிஸ்கட்டைக் கீழே போட்டாள்.

கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. மச்சினன்தான்: "மாமா, இன்னொரு டாக்டர் என்ன சொல்றார்னா..."

போனை அப்படியே பெண்டாட்டி கையில் திணித்தார்.

"உன் தம்பி. எது சொன்னாலும் சரின்னு சொல்லு."