மணந்து பார்க்காத ஐரிஸ்

லொங்கேய் மெட்ரோ நிலையத்துக்குப் பஸ் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தேன். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. ஐந்து வருடம் இருந்த வீட்டிலிருந்து எடுத்துவர அவ்வளவுதான் இருந்தது. அதற்கு முன் நான் எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. அந்தப் பேஸ்மென்ட் அறையில் ஐந்து வருடம் தங்கியது ஐரிஸ் பூக்களுக்காக.

இந்த ஊர் முற்றங்களில் ஐரிஸ் நிறைய உண்டு. பெரிய பூக்கள், சுருக்கு வைத்த பாவாடை மாதிரி இதழ்கள். குனிந்து மணந்தால் பெரும்பாலும் ஒன்றும் இராது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துத் திரிந்த காலத்தில், ஒரு பின்சந்தில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் சின்ன ஊதா ஐரிஸ் ஒன்று நின்றது. அதில் பழுத்த திராட்சை மணந்தது. வீட்டாரிடம் கேட்டு ஒரு கிழங்கு வாங்கினேன். பெரிய பூவில் அந்த மணத்தை ஏற்ற வேண்டும் என்று ஒரு ஆசை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கும் அந்த வேலை கைவரும். ஒரு பூவின் மகரந்தத்தைச் சின்னச் சாவணத்தால் கிள்ளி எடுத்து மற்றப் பூவின் நடுவில் உள்ள சின்ன உதட்டில் தடவ வேண்டும். மிச்சமெல்லாம் காத்திருப்பதுதான். விதை ஒரு குளிர்காலம் பனியின் கீழே கிடக்க வேண்டும். முளைத்த கன்று பூக்க இரண்டு மூன்று கோடை ஆகும்.

வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், கணவனும் மனைவியும். அண்ணை, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேலியோரம் ஒரு துண்டு நிலம் தந்தார்கள்.

"தம்பி, கத்தரி வைச்சாலாவது கறிக்கு ஆகும்," என்று அக்கா சிரிப்பார்.

"விடுமப்பா," என்பார் அண்ணை. "ஆளுக்குப் பசி மூக்காலதான் வாறது."

போன வருடம் என் கன்றுகள் ஒன்றைத் தவிர எல்லாம் பூத்தன. பலதில் மணமே இல்லை. ஒன்றில் நனைந்த அட்டைப்பெட்டி மணம். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். மிஞ்சிய கன்று இந்த ஜூனில்தான் தண்டு விட்டது, நுனியில் ஒரே ஒரு மொட்டு. வியாழக்கிழமை பின்னேரம், "அக்கா, நாளைக்கு முதல் பூ அவிழும்," என்று நான்தான் போய்ச் சொன்னேன். காலைக் குளிரில் ஐரிஸ் சரியாக மணக்காது, வெயில் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு அரைநாள் லீவு எடுத்தேன்.

வந்து பார்த்தபோது தண்டு அடியோடு வெட்டப்பட்டிருந்தது.

சப்பாத்தோடு மாடிப்படி ஏறி நேரே அவர்களுடைய சாமியறைக்குள் போனேன். பூ முருகன் படத்துக்கு முன்னால் செம்பில் நின்றது. வெளிர் ஊதா, என் உள்ளங்கை அகலம்.

"முதல் பூ எல்லே தம்பி," என்றார் அக்கா. "நீங்கள் மணந்துபோட்டால் பேந்து சாமிக்கு வைக்கேலாது. அதுதான் விடியவே வெட்டினனான். உங்கட பேரைச் சொல்லித்தான் வைச்சனான்."

மணந்த பூ சாமிக்கு ஆகாது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் கையை நீட்டித் தண்டை உருவினேன். இழுத்த இழுப்பில் இதழ்கள் கசங்கின. மூக்கில் வைத்தால் சாம்பிராணியும் கற்பூரமும். இதழுக்குள் மூக்கை விட்டாலும் அதுதான். பிறகு அக்காவைப் பார்த்து நான் சொன்னவற்றை எழுத முடியாது. அவர் சரிந்த செம்பை நிமிர்த்தி, சிந்திய தண்ணீரைத் துணியால் ஒற்றினார்.

பின்னேரம் வேலையால் வந்த அண்ணை கீழே இறங்கி வந்தார்.

"சாமிக்கு வைச்சதை எடுத்தனீரோ?"

"ஓம்."

"சப்பாத்தோட?"

"ஓம் அண்ணை."

"என்னை ஏசியிருந்தால் பொறுத்திருப்பன். வெளிக்கிடும்."

கிழங்கைத் தோண்டி எடுத்திருக்கலாம். அதன் பக்கக் கிழங்கு அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ பூத்திருக்கும். மண்வெட்டியைக்கூடக் கையில் எடுத்தேன். ஆனால் போகிற இடம் ஒரு சிநேகிதனின் மூன்றாம் மாடி அறை, நட மண் இல்லை. அதோடு அக்கா குசினி யன்னலில் நின்றார், கண் சிவந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க அந்த வீட்டில் இன்னொன்றைப் பிடுங்க மனம் வரவில்லை. மண்வெட்டியைச் சுவரோடு சாத்தினேன். "போட்டு வாறன் அக்கா," என்றேன். அவர் திரையை இழுத்துவிட்டார்.

அண்ணை பிடித்துத் தந்த பழைய வேலைக்கு இனிப் போக முகமில்லை. அடுத்த நாள் காலை சிநேகிதன் என்னை ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மீன்கடைக்குக் கூட்டிப்போனான்.

"நாத்தம் தலைமயிர் வரைக்கும் ஏறுமடா. ஒரு கிழமைக்கு மேலே ஒருத்தரும் நிக்கிறேல்லை," என்று வழியிலேயே சொன்னான்.

எனக்குப் பரவாயில்லை என்றேன். முதலாளி என் கைகளை மட்டும் பார்த்துவிட்டு ஒரு ரப்பர் ஏப்ரனைத் தந்தார். ஏழு மணிக்குச் செதில் உரிக்கத் தொடங்கினேன்.