சோப்பில் பதிந்த பிடி

மர ஆலையில் பதினெட்டு வருஷமாக ரம்பம் தீட்டுகிறவள் என்பதால் அவளுக்கு ரம்பக்கா என்று பேர். மற்றபடி அறுத்துத் தள்ளுகிற பேச்சு அவளிடம் கிடையாது. வீட்டில் பேச்சை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. புத்தகம் கட்டும் கடையில் அட்டையும் தோலும் வெட்டுவது அவள் வேலை.

போன வருஷம் நாத்தனார் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு சேர்ந்துவிட்டது. கட்டைவிரல் மட்டும் முழுதாக மடங்க மறுத்தது. அழுத்தினால் கத்தி கைக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும், கோடு கோணலாகும். இரண்டு தோல் வீணானதும் முதலாளி அவளைப் பசை தடவும் மேசைக்கு மாற்றிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் வாயே திறக்கவில்லை. ரம்பக்காவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"உனக்கு நான் ஒரு கத்தி பண்ணித் தரேன்."

"கடையில இல்லாத கத்தியா அண்ணி? எல்லாத்தையும் பிடிச்சுப் பாத்தாச்சு."

"அதெல்லாம் நல்ல கைக்குப் பண்ணினது."

ஆலையில் தேய்ந்துபோன அரம் ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினாள். அரத்து இரும்பு நல்ல கடினம். ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். அதனால் பல்லைச் சாணையில் தேய்த்துப் பளபளப்பாக்கி, அடுப்பில் வைக்கோல் நிறம் ஏறும்வரை காய்ச்சி, அதன் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தினாள். பிறகு கூர் ஏற்ற மறுபடி சாணைக்கல். கையுறை போடவில்லை. விரல் சுட்டால் உடனே இரும்பைத் தண்ணீரில் முக்குவாள். சூடேறி நீலம் பாய்ந்தால் கூர் நிற்காது என்பது அவள் விரலுக்கே தெரியும். சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்னக் கத்தி. மடக்குகிற மாதிரி வேண்டாம், கீல் ஆடும் என்று நினைத்து, அலகையும் பிடிக்குள் போகிற வாலையும் ஒரே துண்டாக விட்டாள்.

பிடிக்கு ஈட்டி மரம். இழைத்து, எண்ணெய் தடவி, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி கொண்டுவந்து கொடுத்தாள். நாத்தனார் பிடித்து அழுத்தினாள். கத்தி திரும்பியது.

"அழகா இருக்கு அண்ணி. அலமாரியில வச்சுக்கலாம்."

ரம்பக்கா முகம் சுளிக்கவில்லை. உளியை வைத்துப் பிடியைப் பெயர்த்தெடுத்தாள். பிறகு துணி சோப்பு ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து நாத்தனார் கையில் திணித்தாள்.

"இறுக்கிப் பிடி."

"துணி துவைக்கவா கூப்பிட்டீங்க?"

"பிடின்னா பிடி."

விரித்துப் பார்த்தபோது சோப்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கட்டைவிரல் சுற்றி வளைக்கவே இல்லை, மேலே தட்டையாகப் படுத்திருந்தது. பாரம் முழுவதும் உள்ளங்கையின் அடியில் விழுந்திருந்தது. தப்பு கையில் இல்லை, பிடியில்தான்.

மூன்று சாயங்காலம் அந்தச் சோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மரத்தை ராவினாள். மேலே கட்டைவிரல் படுக்க ஒரு மேடை, பின்னால் உள்ளங்கையை நிரப்ப ஒரு புடைப்பு, மோதிர விரலுக்கு ஒரு பள்ளம். பசை போட்டு, பித்தளை ஆணி இரண்டு அடித்து முடித்தபோது பார்க்க இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தது. நாத்தனார் சிரிக்க வாயெடுத்தாள். பிடித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் முதலாளி கண்ணெதிரே ஒரு முழத் தோலை ஒரே இழுப்பில் வெட்டினாள். அவர் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். நூல் பிசகில்லை.

"சரி, நாளைலேர்ந்து உன் மேசைக்கே வந்துடு."

"நாளைக்கு எதுக்கு?" என்று அப்போதே போய் உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி பரவியது. விரல் போன தச்சர் வந்தார். விரல் முட்டி வீங்கிய தோட்டக்காரம்மா வந்தார். யார் வந்தாலும் முதலில் சோப்புதான். கடைசியில் நாத்தனாரின் முதலாளியே வந்தார்.

"எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்மா."

"உங்க கையில என்ன கோளாறு?"

"ஒண்ணும் இல்லயே."

"அப்ப கடையில வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தச்சருடைய கத்தியைச் சாணையில் வைத்தாள் ரம்பக்கா.