கசந்தால் விஷமில்லை

வடக்குப்பட்டில் நாங்கள் இரண்டு பேர் ஒரே ரூமில் இருந்தோம். நான் கோவில்பட்டிப் பக்கம், அவன் விளாத்திகுளம் பக்கம். ஒரே கம்பெனியில், ஒரே லைனில் காண்ட்ராக்ட் வேலை. என்னைவிட மூன்று வயது இளையவன். வாய்க்கு வாய் அண்ணே என்பான்.

அன்று முதல் ஷிப்ட். விடியுமுன்னே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க, பிளாட் போட்டிருந்த காலியிடத்தில் குறுக்கே நடந்தோம். அவன் காலில் ரப்பர் செருப்பு. எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று காலை உதறினான். செல்போன் வெளிச்சத்தில் கண்ணாடி விரியன் புல்லுக்குள் போவதைப் பார்த்தேன். தடியாக, அவசரமே இல்லாமல் போனது. அந்த நிதானத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

ரூமுக்குத் திரும்பினோம். ஹவுஸ் ஓனர் வாசலில் வளர்த்திருந்த சிறியாநங்கைச் செடியில் நாலு இலை பறித்து வந்தார். நல்ல மனுஷன், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதனால்தான் நம்பினோம்.

"மெல்லுபா. இன்னா, கசக்குதா? கசந்தா வெசம் ஏறலன்னு அர்த்தம். இனிச்சாத்தான் டேஞ்சரு."

அவன் முகத்தைச் சுளித்தான். "பயங்கரமா கசக்குதுண்ணே."

"அப்ப ஒண்ணியும் இல்ல. கெளம்புங்க."

சிறியாநங்கை எவன் தின்றாலும் கசக்கும். கடித்த பாம்பே தின்றாலும் கசக்கும். இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால், நான் ஏறவிடவில்லை.

"எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிருவோமாடே?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"சும்மா இருங்கண்ணே. எதிர் ரூம்காரன் கதை தெரியாதா?"

எதிர் ரூம்காரனைப் பாம்பு கடித்தபோது தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்றரை லட்சம் பில். பைக்கை விற்றும் பத்தவில்லை. அதோடு அந்த மாதம் இவன் ஒருநாள்கூட லீவு போடவில்லை. இன்னும் நான்கு நாள் தாண்டினால் அட்டெண்டன்ஸ் போனஸ். பஸ் வந்துவிடும், நட என்றேன். நான்தான் சொன்னேன்.

கம்பெனி போய்ச் சேருவதற்குள் கால் வீங்கிவிட்டது. லாக்கர் ரூமில் சேஃப்டி ஷூவுக்குள் அதைத் திணிக்க நானே உதவினேன். "நாடாவ நல்லா இறுக்குங்கண்ணே, வெசம் மேல ஏறாதுல்லா" என்றான். இறுக்கினேன். ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்குப் போனால் வீட்டுக்கு அனுப்பி ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள் என்று சூப்பர்வைசரிடம் இரண்டு பேருமே மூச்சு விடவில்லை.

எட்டு மணி டீ பிரேக்கில் டம்ளரைக் கீழே வைத்தான். விளிம்பில் ரத்தம். ஈறிலிருந்து கசிந்தது. துப்பத் துப்ப நிற்கவில்லை. ஓடிப்போய் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷூவைக் கத்தரியால் வெட்டித்தான் எடுக்க முடிந்தது.

கம்பெனி வண்டியில் முதலில் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கேட்டார்கள். ஊருக்கும் நண்பர்களுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்ததிலேயே மதியமாகிவிட்டது. பணம் சேரவில்லை. அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"எப்போ கடிச்சது?" என்றார் டாக்டர்.

"காலையில அஞ்சு மணிக்கு."

"இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"வேலைக்குப் போனோம் சார்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. சீட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

இரண்டு கிட்னியும் நின்றுவிட்டன. டயாலிசிஸ் செய்தார்கள். மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "பில்லு எவ்வளவுண்ணே ஏறியிருக்கும்?"

"நீ பேசாம படு" என்றேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. தொகையைக் கேட்கவே பயமாக இருந்தது. லைனில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கவர் கொடுத்தார்கள்.

ஆறாம் நாள் அவன் போய்விட்டான்.

கவரை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். ஊசி, மிஷின், பெட் எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன். உட்கார்ந்திருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குப்பா காசு? பாம்புக்கடிக்கு இங்க எப்பவுமே இலவசம்தான். உங்க பக்கத்து சுகாதார நிலையத்துலயே மொத ஊசி போட்டிருப்பாங்களே."

அந்தச் சுகாதார நிலையம் எனக்குத் தெரியும். அன்று காலை எங்கள் பஸ் அதன் வாசலில் நின்று, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டுதான் போனது.