இடமில்லை என்கிறது கம்ப்யூட்டர்

பதினைந்து நாளாக என் ஹார்ட் டிஸ்க்கில் இடம் தானாகக் காணாமல் போகிறது. மாலையில் இருபது ஜிபி காலி செய்தால் காலையில் மறுபடியும் 'இடமில்லை'.

ஆன்டிவைரஸ் போட்டேன். பாட்டு, படம் எல்லாவற்றையும் அழித்தேன்.

இன்று மதியத்துக்குள் ஒரு கல்யாண ஆல்பம் அனுப்பியாக வேண்டும். வேறு வழியில்லாமல், என் மகள் முதன்முதலாக நடந்த வீடியோவையும் அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்.

ஒரு மணி நேரத்தில் அந்த இடமும் போச்சு.

அழுதுகொண்டே ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தேன். ஒன்றில் நூற்றுக்கணக்கான வீடியோக்கள். எல்லாவற்றிலும் எங்கள் மொட்டை மாடி.

"நைனா, இன்னா இது?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"மாடியில மல்லாட்டை காய வச்சமே, கொரங்கு வருதுன்னு கேமரா மாட்டினேன். கேமராக்காரன் உன் கம்ப்யூட்டர்ல ஏறுறாப்ல பண்ணிட்டான். அதான் ஆஃப் பண்ணாதன்னு சொல்லினே இருந்தேன்."

"மல்லாட்டையத்தான் போன வாரமே வித்துட்டமே!"

"ஆமா. கேமராவ கழட்ட மறந்துட்டேன்."

அழித்த வீடியோவை மீட்டுத் தருபவர் செஞ்சியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வேர்க்கடலைகூட இல்லாத வெறும் மாடியைப் பார்க்க ஆசைப்படுபவர்களும் சொல்லலாம், ஒரு வாரத்துக்கு இருக்கிறது.